எம்பசி அண்ணையின் திங்கட்கிழமை

2009 பெப்ரவரி, ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. பாரிஸில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் நான் வேலை செய்த தொலைபேசிக் கடையின் கண்ணாடிக் கதவை ஒருவர் முழங்கையால் தள்ளித் திறந்தார். முதலில் தெரிந்தது அவருடைய கழுத்தில் தொங்கிய விசில். செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் விசில், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் ஊதுவார்களே, அந்த வகை. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். சாம்பல் நிறக் குளிர் அங்கியின் பொத்தான்கள் எல்லாம் பூட்டியிருந்தன. கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

“மூண்டாம் கபின் வெறுமையோ?”

“வெறுமைதான் அண்ணை. ஆனால் ஒண்டும் இரண்டும்கூட வெறுமைதான்.”

“மூண்டிலை இருந்தால் வாசல் தெரியும்” என்றார்.

அந்தத் தொலைபேசிக் கூண்டுக்குள் போய், கதவைச் சாத்தாமல், தாளை விரித்து, முதல் இலக்கத்தை அழுத்தினார். “கேக்குதோ?” என்று கேட்டார். எதிர்முனை ஏதோ சொன்னது. “சரி” என்று வைத்துவிட்டு, தாளில் சிறிய குறி ஒன்றைப் போட்டார். அடுத்த இலக்கம். “கேக்குதோ? சரி.” ஒரு அழைப்பும் பதினைந்து நொடியைத் தாண்டவில்லை. நான் முன்பு யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தி திருத்துபவனாக இருந்தவன். நேரத்தைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் விடவில்லை. பத்து இருபத்தொன்றுக்கு அவர் வெளியே வந்தார்.

“ஆர் அண்ணை உவையெல்லாம்?”

“எங்கடை ஆக்கள்தான். இஞ்சை, ஸ்தேனிலை, பிளாங்-மெனிலிலை.”

“என்ன கதைக்கிறியள்?”

“கதைக்கிறேல்லை. இருக்கினமோ எண்டு பாக்கிறன்.”

அடுத்த திங்கட்கிழமை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு என் கைத்தொலைபேசி ஒலித்தது. மூன்றாம் கபினிலிருந்து அவர்தான் அழைத்தார். எனக்கும் அவருக்கும் இடையில் நாலு மீற்றர் இருக்கும். “கேக்குதோ?” என்றார். கேட்கிறது என்றேன். என் பெயருக்கும் ஒரு குறி விழுந்தது.

கடை முதலாளி அவரை ‘எம்பசி அண்ணை’ என்றுதான் சொல்வார். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன முகவன் அவரை மேற்கு ஆபிரிக்கத் தலைநகர் ஒன்றில் இறக்கிவிட்டுக் காணாமற்போனான். அங்கே ஒரு ஐரோப்பிய நாட்டின் தூதரகத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்து, பிறகு களஞ்சியப் பொறுப்பாளராகப் பதினொரு வருடம் இருந்தார். எந்த நாட்டின் தூதரகம் என்று ஒருபோதும் சொன்னதில்லை. அந்த நகரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது வெடிக்கும். ஆகவே தூதரகத்தில் ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு முழு அலுமாரி இருந்தது, அதன் திறப்பு இவரிடம் இருந்தது. தண்ணீர்ப் பீப்பாய்கள், டீசல், போர்வைகள், விசில்கள், வானொலிக் கருவிகள், நகரத்தில் வாழும் அந்நாட்டுக்காரரின் பட்டியல். ஒவ்வொரு திங்களும் காலை பத்து மணிக்கு வானொலியில் ஒவ்வொரு பகுதிப் பொறுப்பாளரையும் கூப்பிட்டு, கேட்கிறதா என்று கேட்க வேண்டும். அவர் கேட்டார். தூதரகம் போய்விட்டது. திங்கட்கிழமை மட்டும் மிஞ்சியது.

பட்டியலில் இருந்தவர்களில் சிலர் சலித்துக்கொண்டார்கள். உணவகத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்து, “கேக்குது, கேக்குது, வையுங்கோ அண்ணை” என்றார்கள். இறந்துபோன ஒருவரின் பெயரும் அதில் இருந்தது. அவருடைய மனைவி எடுப்பார். மூன்றாம் கபினில் இருந்தது ஒலிபெருக்கி தானாகவே வேலை செய்யும் பழைய தொலைபேசி, எல்லாம் எனக்குக் கேட்கும்.

“அவர் செத்து இரண்டு வரியம் அண்ணை.”

“தெரியும் பிள்ளை. செத்தவீட்டுக்கு வந்தனான். நீங்கள் இருக்கிறியளோ?”

“இருக்கிறன்.”

“சரி.”

இறந்தவரின் பெயரை ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். “நான் பேர் வெட்டுறேல்லை. குறி போடுவன், இல்லையெண்டால் போடாமல் விடுவன்” என்றார். அது அந்தத் தாளுக்கு மட்டுமான விதி அல்ல. கடைக்குத் தொலைபேசி அட்டைகள் வரும்போது பட்டியலைச் சரிபார்க்க அவர் உதவுவார். வந்ததற்குக் குறி போடுவார், வராததை அப்படியே விடுவார். பிழையாக எழுதினால் அதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே சரியாக எழுதுவார். “உந்த மனுசனிட்டை லொத்தோச் சீட்டைக் குடுத்தால், விழாத இலக்கத்தையும் வைச்சுக்கொண்டு காத்திருக்கும்” என்று முதலாளி சொல்வார். அண்ணை சிரிப்பார். முன்பல் ஒன்று இல்லை.

அவருடைய ஒற்றை அறை மெற்றோ மேலே ஓடும் பாலத்துக்குப் பக்கத்தில், நாலாம் மாடியில் இருந்தது. ஒருமுறை போனேன். கதவுக்கு அருகே முதுகில் போடும் பை ஒன்று. டோர்ச், உப்பு, காய்ந்த பிஸ்கட், ஒரு துண்டுச் சோக்கு, பொலித்தீனில் சுற்றிய கடதாசிகள். சோக்கு எதற்கு என்று கேட்டேன். போகும்போது சுவரில் எந்தப் பக்கம் போனோம் என்று எழுதுவதற்கு. குளியல் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர் நின்றது. முதல் வெடிச்சத்தம் கேட்டவுடன் தொட்டியை நிரப்ப வேண்டும் என்பது தூதரக விதி. இவர் வெடிச்சத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புவார்.

“அப்ப எங்கை குளிக்கிறியள்?”

“வாளியிலை. ஊரிலை என்ன தொட்டியிலையோ குளிச்சனி?”

வசந்தி அவரிடம் வந்தது பெப்ரவரிக் கடைசியில். பாரிஸின் புறநகரான ஸ்தேனில் இருந்தார், ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை. கணவன் சிவா பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவன். 2006இல், போரால் வன்னிப் பாதை மூடப்படுவதற்குச் சில வாரம் முன்பு, தாய் தகப்பனைக் கூட்டிவரலாம் என்று வன்னிக்குப் போனான். பாதை மூடியது. இப்போது மூவரும் கடலுக்கும் ஷெல்லுக்கும் இடையில் ஒடுங்கிக்கொண்டே போன நிலத்தில் இருந்தார்கள். அவன் அங்கே இருப்பது கொழும்பிலிருந்த பிரெஞ்சுத் தூதரகத்துக்குத் தெரியாது.

“போக முன்னம் பேர் குடுக்கச் சொல்லி சிவாவிட்டை நான் சொன்னனான்” என்றார் அண்ணை என்னிடம். வசந்தி தலையைக் குனிந்தபடி சொன்னார்.

“எம்பசியிலை பேர் குடுக்கிறது, நாங்களாப் போய் ஆமிக்குப் பேர் குடுக்கிற மாதிரி எண்டவர்.”

இதைச் சிவா மட்டும் சொல்லவில்லை. எங்களில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். ஊரில் பெயர்ப் பட்டியல் என்றால் இரவில் வந்து வாசலில் நின்று வாசிக்கப்படுவது. அதில் பெயர் இல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. எம்பசி அண்ணை வாழ்ந்த இடத்தில் விதி நேர்மாறு. பட்டியலில் பெயர் இருப்பவனுக்குத்தான் வாகனம். அந்த இரண்டாவது விதியை லா சப்பலில் நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அவர் கடையில் உட்கார்ந்து பிரெஞ்சில் ஒரு படிவம் தயாரித்தார். பெயர், கடவுச்சீட்டு இலக்கம், இரத்த வகை, நிற்கும் இடம், அருகிலுள்ள அடையாளம், ஆளை அறியும் வழி. கடைசியில் ‘உடனிருப்பவர்கள்’ என்று ஒரு வரி. அதை வெறுமையாக விட்டார்.

“மாமா மாமியின்ரை பேரையும் போடுங்கோவன் அண்ணை.”

“அவைக்குப் பாஸ்போட் இல்லை பிள்ளை. இடமில்லாத பேரை எழுதினால், இடமிருக்கிற பேரையும் சந்தேகப்படுவினம். லிஸ்ற் எண்டால் சுத்தமாய் இருக்கவேணும்.”

அதைக் கடையின் தொலைநகல் இயந்திரத்தில் கொழும்புக்கு அனுப்பினார். கிடைத்தது என்றும், ஆளுடன் தொடர்பு கிடைத்தால் அறியத்தருமாறும் மரியாதையான பதில் வந்தது.

தொடர்புதான் பிரச்சினை. வன்னியிலிருந்து யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசியில், வரிசையில் நின்று, இரண்டு நிமிடம் பேசலாம். சிவா எடுத்த வேளைகளில் வசந்தி வேலையில் இருந்தார். “ஒரு நேரம், ஒரு நம்பர்” என்றார் அண்ணை. மார்ச் தொடக்கத்தில் அவன் எடுத்தபோது வசந்தி வீட்டில் இருந்தார், சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை, கடை இலக்கம், பாரிஸில் பத்து மணி, அங்கே இரண்டரை. வசந்தி திங்கள் காலைகளில் விடுப்பு எடுத்தார். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து மூன்றாம் கபினில் உட்காருவார், அண்ணை தன் அழைப்புகளை அதற்குப் பிறகு எடுப்பார். இரண்டு திங்கட்கிழமைகளில் அழைப்பு வந்தது. அண்ணை பக்கத்தில் நின்று, கடவுச்சீட்டைப் பொலித்தீனில் சுற்றி உடம்போடு கட்டச் சொன்னார், எந்தப் பக்கத்தால் இராணுவப் பகுதிக்குக் கடக்கலாம் என்று ஆட்கள் கதைக்கிறார்கள் எனக் கேட்டு எழுதினார்.

மார்ச் கடைசி ஞாயிறன்று பாரிஸில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினோம். மறுநாள் பத்து மணிக்கு அழைப்பு வரவில்லை. பத்தரைக்கும் இல்லை. வசந்தி கைப்பையின் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். “பதினொண்டுக்கு வரும்” என்றார் அண்ணை. “அங்கை நேரம் மாறேல்லை. அவன் தன்ரை இரண்டரைக்குத்தான் எடுப்பான்.”

பதினொன்று நான்குக்குத் தொலைபேசி அடித்தது.

வசந்தி முதலில் பேசினார். மகள் நலம், நான் நலம், சாப்பிட்டீர்களா. பிறகு சிவா அண்ணையைக் கேட்டான். ஒலிபெருக்கியில் அவனுடைய குரல் தெளிவாகக் கேட்டது, பின்னால் ஒரு குழந்தை அழுதது.

“அண்ணை, கொஞ்சப்பேர் விடியப்புறம் கடக்கப்போகினம். நானும் வெளிக்கிடலாம் எண்டு நினைக்கிறன். அம்மா அப்பாவின்ரை பேரும் லிஸ்ரிலை இருக்குத்தானே?”

அண்ணை தொலைபேசிக்கு அருகே குனிந்தார். வசந்தி அவருடைய கையைப் பிடித்தார்.

“இல்லை தம்பி. உன்ரை பேர் மட்டும்.”

“அப்ப அங்காலை போனால் அவைக்கு?”

“தெரியாது. நான் இருந்த இடத்திலை எண்டால், வாசிக்கிறவன் எழுதியிருக்கிற பேரை மட்டுந்தான் வாசிப்பான்.”

“நிச்சயமாத் தெரியுமோ?”

“வாசிச்சனான்.”

குழந்தை இன்னும் அழுதது.

“அப்ப என்ரை பேரை வெட்டிவிடுங்கோ அண்ணை. நான் இவையோடை நிக்கிறன்.”

“வெட்டமாட்டன். தம்பி, கேக்குதோ? நான் வெட்டமாட்டன். கேக்குதோ?”

கேட்கவில்லை. இணைப்பு அறுந்திருந்தது.

வசந்தி எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. “மூண்டு பேரும் இருக்கு எண்டு சொல்லியிருக்கலாம். சும்மா சொல்லியிருக்கலாம். மூண்டு பேரும் வெளிக்கிட்டிருப்பினம்.” அண்ணை தாளை நாலாக மடித்தார். நான் வசந்தியைக் கூட்டிக்கொண்டு மெற்றோவரை போனேன். திரும்பி வந்தபோது அண்ணை தொலைநகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். சுவிட்சை அணைத்துவிட்டு, ஏதோ தாளை அங்கிக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். என்ன தாள் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் கடைகள் எல்லாம் வெறிச்சோடிக் கிடந்தன, எல்லோரும் போரை நிறுத்தக் கேட்ட ஊர்வலங்களில் இருந்தார்கள். அந்த நாட்களில் ஒரு பிற்பகல், தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே சொன்னார். எனக்கு நினைவிருக்கும்வரை அவர் அதை ஒருமுறைதான் சொன்னார்.

“கடைசி முறை அங்கை வெடிச்சது பெரிசு. எம்பசியை மூடிக்கொண்டு போகச் சொல்லிப்போட்டினம். நான்தான் கேற்றடியிலை நிண்டு லிஸ்ற் வாசிச்சனான். சமையலுக்கு ஒரு மனுசி இருந்தவ, அந்த ஊர்க்காரி. பழைய அதிகாரி ஒருத்தர் அவவின்ரை பேரைக் கடைசியிலை கையாலை எழுதி வைச்சிருந்தவர். அண்டைக்கு வரவேண்டியதிலை ஒரு வாகனம் வரேல்லை, இடம் குறைஞ்சுபோச்சு. புது அதிகாரி சொன்னார், கையாலை எழுதினதுகளை வெட்டச் சொல்லி.”

“வெட்டினியளோ?”

“ரூலர் வைச்சு வெட்டினனான். வடிவாய் இருக்கவேணும் எண்டு.”

தேநீர்க் கோப்பையைத் தட்டில் சரியாக நடுவில் வைத்தார்.

“அவ கேற்றுக்கு வெளியிலை பையோடை நிண்டவ. ஒத்திகையிலை நான் சொல்லிக்குடுத்த மாதிரியே அடுக்கின பை. மேலை டோர்ச், கீழை தண்ணி.”

“பிறகு?”

“பிறகு மிச்சப் பேரை வாசிச்சன். நான் வேற நாட்டுக்காரன், அந்த ஊராள் இல்லை. கடைசி வாகனத்திலை இடம் இருந்தது.”

மே பதினெட்டும் திங்கட்கிழமைதான். கடையில் தொலைக்காட்சி, போர் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள், யாரும் உள்ளே வரவில்லை, யாரும் போகவும் இல்லை. பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அண்ணை வந்தார். மூன்றாம் கபின். “கேக்குதோ? சரி.” பட்டியலில் சிவாவின் பெயர் வந்ததும் அந்தச் செய்மதி இலக்கத்தை அழுத்தினார். மணி அடிக்கவில்லை. காதில் வைத்தபடி ஒரு நிமிடம் இருந்தார். வைத்தார். குறி போடவில்லை. அடுத்தது வசந்தியின் இலக்கம். எடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. “சரி” என்று அண்ணை குறி போட்டார். பத்து இருபத்திரண்டுக்கு வெளியே வந்தார்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு திங்களும் அப்படித்தான். சிவாவின் இலக்கம் அடிக்காது. வசந்தி எடுப்பார், பேசமாட்டார். சில வேளை மகள் எடுத்து, இருக்கிறோம் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவள் குரல் வருடத்துக்கு வருடம் மாறியது. ரூ லூயி-பிளாங்கில் தொலைபேசிக் கடைகள் கைத்தொலைபேசி திருத்தும் கடைகளாயின. நாங்களும் கபின்களைக் கழற்றினோம். முதலாளி மூன்றாவதை மட்டும் விட்டுவைத்தார். “அதைக் கழற்றினால் மனுசன் எங்கை போறது” என்றார்.

2015இல் வசந்தி கடைக்கு வந்தார். காணாமற்போன சிவாவை நீதிமன்றம் சட்டப்படி ‘இல்லாதவர்’ என்று அறிவிக்க வேண்டும், மகளுடைய கடதாசிகளுக்கு அது தேவை. கடைசியாகச் செய்தி கிடைத்த நாளுக்குச் சாட்சிக் கடிதம் கேட்டார்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணையுடன் நேரில் பேசினார்.

“நாளும் நேரமும் எழுதித் தாங்கோ அண்ணை.”

அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். நாள், மணி பதினொன்று நான்கு, கடையின் முகவரி. பேனையை நிறுத்தினார்.

“என்ன கதைச்சவர் எண்டும் எழுதட்டோ?”

“வேண்டாம்.”

கையெழுத்திட்டுக் கொடுத்தார். வசந்தி மடித்துப் பைக்குள் வைத்தார். கதவுவரை போய்த் திரும்பினார். “இனியாவது அவரின்ரை பேரை வெட்டுங்கோ அண்ணை. ஒவ்வொரு திங்களும் அவருக்குப் பிறகுதான் எனக்கு அடிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்.”

“வெட்டுறது கஷ்டம் பிள்ளை” என்றார். வசந்தி போய்விட்டார். அடுத்த திங்கள் பத்தே காலுக்கு அண்ணை வசந்தியின் இலக்கத்தை அழுத்தியபோது, “கேக்குது” என்று பதில் வந்தது.

2018 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் வரவில்லை. பத்து இருபதுக்குக் கடைக்கு அழைப்பு வந்தது. வசந்திதான்.

“அண்ணை இண்டைக்கு எடுக்கேல்லை.”

பட்டியலில் அவருடைய சொந்தப் பெயர் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் நாலாம் மாடிக்கு ஏறித் தட்டினேன். பிறகு தீயணைப்புப் படையை அழைத்தேன். அவர்கள் கதவை உடைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை இறந்திருக்கலாம் என்று மருத்துவர் எழுதினார். இதயம். தொட்டியில் புதுத் தண்ணீர் நிரம்பியிருந்தது.

உறவினர் யாரும் வரவில்லை. மாத முடிவில் அறையை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் நானும் வசந்தியும் போய் வெறுமையாக்கினோம். எடுக்க அதிகம் இல்லை. வசந்தி தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினார், தண்ணீர் போகும்வரை பக்கத்தில் நின்றார். நான் கதவோரப் பையைத் திறந்தேன். டோர்ச் எரிந்தது. பொலித்தீனுக்குள் அவருடைய வதிவிட அட்டையின் நகல், ஒரு மரணப் பதிவு விண்ணப்பப் படிவம், அதில் அவருடைய பெயர் மட்டும் நிரப்பியிருந்தது. அடியில் ஊசி குத்திய இரண்டு தொலைநகல் சீட்டுகள், எங்கள் கடை இயந்திரம் அனுப்பி முடிந்ததும் அனுப்பிய பக்கத்தின் நகலோடு அச்சிடுபவை. தாள் மஞ்சளாகியிருந்தது, எழுத்து மங்கவில்லை.

முதலாவது பெப்ரவரியில் அனுப்பியது. சிவாவின் படிவம். ‘உடனிருப்பவர்கள்’ வரி வெறுமை.

இரண்டாவதும் அதே படிவம். அந்த வரியில் சிவாவின் தகப்பனின் பெயரும் தாயின் பெயரும் அண்ணையின் கையெழுத்தில் இருந்தன. வசந்தி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். அனுப்பிய நாள் 2009 மார்ச் 30. நேரம் 11.31. பக்கம் ஒன்று. சேர்ந்தது.